கையில் துள்ளும் நாடி, காலில் இல்லை: பிறவியிலேயே இறுகிய பெருந்தமனியும் அதைக் கம்பி வழியே விரிக்கும் சிகிச்சையும்

"மிஸ்ஸி, பதினாலு வயசுப் பையனுக்கு எப்படி மிஸ்ஸி பிரஷர் வரும்? அது அவங்க தாத்தாவுக்குத்தானே இருந்துச்சு?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவருக்குப் பார்க்கத்தான் வந்தார். பக்கத்தில் மகன் நின்றான். அவன் கையிலும் பட்டையைச் சுற்றினேன். 162க்கு 90. மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து, பையனைப் பத்து நிமிஷம் உட்கார வைத்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கையாலேயே அமுக்கிப் பார்த்தேன். 160.

பிறகு அவனைப் பெஞ்சில் படுக்கச் சொல்லி, பெரிய பட்டையைக் கெண்டைக்காலில் சுற்றினேன். 108. கையை விடக் காலில் கொஞ்சம் கூடுதலாகவோ சமமாகவோ இருக்க வேண்டிய எண் அது. தொடை இடுக்கில் இரண்டு விரல் வைத்தேன். மணிக்கட்டில் துள்ளுகிற நாடி அங்கே பிடிபடவே இல்லை. விரலை அழுத்தாமல் மெல்ல வைத்துக் காத்திருந்த பிறகு, கையில் அடித்து ஒரு கணம் கழித்து, நூல் போல ஒரு துடிப்பு வந்தது.

அந்தப் பையனுக்குக் கைக்குழந்தையில் தடுப்பூசி போட்டதே நான்தான். எடை பார்த்தேன், தலைச் சுற்றளவு அளந்தேன், மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று கண்ணைப் பார்த்தேன். தொடை இடுக்கில் விரல் வைத்ததாக எனக்கு நினைவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடுக்கையின் இடை

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து புறப்படும் முதன்மைக் குழாய். உடம்பின் ரத்தக் குழாய்களில் மிகப் பெரியது. இதயத்தின் இடப்பக்க அறையிலிருந்து மேலே ஏறி, குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக்கொண்டு வயிறு வரை இறங்குகிறது. அந்த வளைவின் மேற்பக்கத்திலிருந்து மூன்று கிளைகள் பிரியும். முதல் கிளை வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும். இரண்டாவது தலையின் இடப்பக்கத்துக்கு. மூன்றாவது இடது கைக்கு. இந்த மூன்றாவது கிளை பிரிந்த இடத்துக்குச் சற்று அப்பால்தான் பெரும்பாலும் இறுக்கம் இருக்கும். நல்ல அகலத்தில் வந்த குழாய் அந்த ஓர் இடத்தில் உடுக்கையின் இடை போல ஒடுங்கி, அதற்குக் கீழே மறுபடியும் அகன்றுவிடும்.

டாக்டர்கள் சீட்டில் இதைக் கோவார்க்டேஷன் என்று எழுதுவார்கள். தமிழில் பெருந்தமனி இறுக்கம் என்று சொல்லலாம். பிறக்கும் 10,000 பிள்ளைகளில் சுமார் 4 பேருக்கு இது இருக்கிறது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பிறவி இதயக் கோளாறுகள் எல்லாவற்றையும் கூட்டினால், நூற்றில் ஐந்து முதல் எட்டு வரை இதுதான். இத்தாலிய மருத்துவர் மோர்காஞ்ஞி 1760லேயே இதை விவரித்திருக்கிறார்.

தாய் சாப்பிட்டதாலோ, கர்ப்பத்தில் வேலைக்குப் போனதாலோ, கிரகணத்தைப் பார்த்ததாலோ வருவதில்லை. எங்கள் பக்கத்தில் இன்னும் அந்தப் பேச்சு இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்த சில நாட்களில் அந்தக் குழாய் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். அது வந்து சேருகிற இடமும் இறுக்கம் வருகிற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சுருங்கும் திசு பெருந்தமனியின் சுவருக்குள்ளும் பரவியிருந்து, மூடும்போது சுவரையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கருவிலேயே அந்தப் பகுதி வழியாக ரத்தம் குறைவாக ஓடியதால் குழாய் சரியாக அகலவில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே சேர்ந்தும் இருக்கலாம்.

மேட்டு லயமும் பள்ளத்து லயமும்

குழாய் ஒடுங்கினால் ரத்தம் குறைவாகப் போகும், சரி. ஆனால் ஏன் கையில் பிரஷர் ஏற வேண்டும்? அந்த அம்மாவுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

தோட்டத்தில் ஒரு பம்பு வீடு. அங்கிருந்து கிளம்பும் ஒரே குழாய் முதலில் மேட்டு லயத்துக்குப் போகிறது, பிறகு பள்ளத்து லயத்துக்கு இறங்குகிறது. இரண்டு லயத்துக்கும் நடுவில் ஓர் இடத்தில் குழாய் நசுங்கிக் கிடக்கிறது. பள்ளத்து லயத்தில் தண்ணீர் சொட்டுகிறது. அங்கே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? பம்புக்காரரிடம் ஆள் அனுப்புகிறார்கள்: "தண்ணி வரல, கூட்டி வை!" அவருக்கு நசுங்கல் எங்கே என்று தெரியாது. என்ஜினைக் கூட்டி வைக்கிறார். இப்போது பள்ளத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் கூடுகிறது. ஆனால் மேட்டு லயத்தில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் சீறி அடிக்கிறது, மூட்டுகள் கசிகின்றன, என்ஜின் நாளெல்லாம் முக்குகிறது.

பம்பு நம் இதயம். மேட்டு லயம் தலையும் கைகளும். பள்ளத்து லயத்தில் வயிறும் கால்களும் இருக்கின்றன, முக்கியமாகச் சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஆள் அனுப்பிப் புகார் சொல்வது அந்தச் சிறுநீரகங்கள்தான். ரத்தம் போதாத வேகத்தில் வந்தால், உடம்பு முழுவதற்கும் அழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்து அவை ரெனின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அதைத் தொடர்ந்து ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை இறுக்கினால் முழு உடம்பின் அழுத்தமும் ஏறும் என்பதை ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் 1934இல் நாய்களிடம் செய்து காட்டினார்.

நசுங்கல் சின்னதுதானே என்று விடவும் முடியாது. குழாயின் உள் அகலம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். திரவம் குழாயில் ஓடும் கணக்கு அப்படி. இதே கணக்குதான் சிகிச்சையில் நமக்குக் கைகொடுக்கிறது. சில மில்லிமீட்டர் விரித்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

உடம்பு கையைக் கட்டிக்கொண்டும் இருக்காது. மெயின் ரோட்டை அடைத்தால் லாரிகள் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்புவது போல, ரத்தம் விலா எலும்புகளுக்கு அடியில் ஓடும் சின்னக் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு கீழே போகப் பார்க்கும். பல வருஷம் இப்படி ஓடினால் அந்தக் குழாய்கள் பருத்து, விலா எலும்பின் கீழ் ஓரத்தை அரித்துவிடும். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் அந்தப் பையனின் நெஞ்சு எக்ஸ்ரேயைத் திரையில் போட்டபோது டாக்டர் பேனா நுனியால் காட்டினார். நாலாவது விலாவிலிருந்து கீழே, ஓரங்களில் எலி கடித்த மாதிரி சிறு சிறு பள்ளங்கள். இத்தனை வருஷம் வெளியே தெரியாமல் அவன் உடம்பு போராடியதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சூடு என்று சொல்லி விட்டவை

அவன் அம்மாவிடம் பழைய கதையைக் கேட்டேன். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். தலைவலி என்பான், கைப்பேசியைப் பார்ப்பதால் என்றார்கள். பந்து விளையாடினால் பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்துவிடுவான். சோம்பேறி என்று மற்றப் பையன்கள் கேலி செய்தார்கள். பாதம் எப்போதும் குளிர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இருப்பதுதான். நான்கையும் ஒன்றாக யாரும் பார்க்கவில்லை. மேல் பாதியில் ரத்த வேகம் கூடினால் தலைவலியும் மூக்கில் ரத்தமும். கீழ்ப் பாதியில் குறைந்தால் கால் பிடிப்பும் குளிர்ந்த பாதமும்.

பலருக்கு இந்த அறிகுறிகள்கூட இருக்காது என்பதுதான் கவலை. இருபது, முப்பது வயதில் வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது பிரஷர் என்று கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவதும் உண்டு. சிகிச்சையே இல்லாத காலத்து நோயாளிகளின் கணக்குப்படி, குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள்கூடச் சராசரியாக 34 வயதில் இறந்திருக்கிறார்கள். இதயம் களைத்துப் போவது, பெருந்தமனி கிழிவது, மூளையில் ரத்தம் கசிவது, உள்ளே கிருமி தொற்றுவது, இவைதான் காரணங்கள்.

கைக்குழந்தையின் விஷயம் வேறு. இறுக்கம் கடுமையாக இருந்தால் பிறந்த முதல் இரண்டு வாரத்திலேயே ஆபத்து வந்துவிடும். அந்தக் குறுக்குக் குழாய் திறந்திருக்கும் வரை பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், தொடை நாடிகூடச் சரியாகவே தெரியலாம். வீட்டுக்கு வந்த பிறகு குழாய் மூடும்போது பால் குடிக்காது, குடித்தால் நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், சாம்பல் நிறமாகும், கால் சில்லிடும். இதைக் கண்டால் மந்திரிக்கப் போகாதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மூடுகிற குழாயைத் திறந்து வைக்கலாம். அறுவை சிகிச்சை வரை உயிரைப் பிடித்து வைக்கும் மருந்து அது. பிறந்ததும் கை காலில் ஒளிக் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த ஒரு கோளாறை அது பல நேரம் தவறவிடும்.

வெட்டாமல் எப்படி?

முதலில் வந்தது வெட்டும் வழிதான். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர், 12 வயதுப் பையனின் இறுகிய துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அதையே செய்தார். இன்றும் கைக்குழந்தைகளுக்கு இதுதான் முதல் வழி.

குழாய்க்குள் போகும் வழி வேறு பாதையில் வளர்ந்தது. 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், யாரும் அனுமதிக்காததால், சிறுநீர் எடுக்கப் பயன்படும் மெல்லிய குழாயைத் தன் கையின் ரத்தக் குழாய் வழியாகத் தானே இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக் காட்டினார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1977இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூண்ட்ஸிக் இதயத்தின் அடைபட்ட ரத்தக் குழாயைச் சின்ன பலூனால் விரித்தார். 1980களின் தொடக்கத்தில் பெருந்தமனி இறுக்கத்துக்கும் பலூன் வந்தது. 1990களில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாய் சேர்ந்துகொண்டது.

இனி அந்தப் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரி. அங்கே எக்கோவும் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) சி.டி. ஸ்கேனும். பிறகு கடிதத்தோடு கோலாலம்பூர். நம் நாட்டில் இதய நோய்க்கென்றே இருக்கும் தேசிய இருதயக் கழகம், எல்லாரும் ஐ.ஜே.என். என்று சொல்வது, 1992இலிருந்து அங்கே இயங்குகிறது. குழந்தை இதய மருத்துவர்கள் இருக்கும் வேறு பெரிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. அவனை எங்கே சேர்த்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. நானும் கூடப் போனேன். விடியற்காலை ரயிலில் அந்த அம்மா மடியில் ஸ்கேன் உறையைப் பிடித்தபடி வந்தார், வழியெல்லாம் பேசவே இல்லை.

பையனை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தொடை இடுக்கில் ஊசியால் ஒரு துளை. அதில் 4 மில்லிமீட்டர் அகலமான குட்டைக் குழாய் ஒன்றைச் சொருகினார்கள். அதுதான் வாசல். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் மருந்து. அந்த வாசல் வழியாக ஒரு மெல்லிய கம்பியை, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, பெருந்தமனியில் கீழிருந்து மேலாக ஏற்றி, இறுக்கத்தின் சந்து வழியாக அப்பால் கொண்டுபோனார்கள். பள்ளத்து லயத்து வாசலில் நுழைந்து, நசுங்கல் வரைக்கும் உள்ளேயே ஏறிப் போவது மாதிரி. மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. அந்தக் கம்பி தண்டவாளம் போல. அதற்குப் பிறகு போவதெல்லாம் அதன் மேல்தான் ஏறிப் போகும்.

அதன் மேல் கதீட்டரை, அதாவது நீண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, ஏற்றி மருந்து பீய்ச்சிப் படம் எடுத்தார்கள். இறுக்கத்துக்கு மேலே ஒரு அழுத்தம், கீழே ஒரு அழுத்தம் என்று இரண்டு எண்ணையும் குறித்தார்கள். மயக்கத்தில் இருந்தபோதும் அவனுக்கு 42 வித்தியாசம். பொதுவாக 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விரிப்பது நல்லது என்பார்கள். 20 இல்லாவிட்டாலும் பிரஷர் ஏறியிருந்து ஸ்கேனில் இறுக்கம் நன்றாகத் தெரிந்தால் செய்வதுண்டு.

ஸ்டென்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்கென்றே செய்த ஒரு வகை, பிளாட்டினமும் இரிடியமும் கலந்த மெல்லிய கம்பியை நெளிநெளியாக வளைத்துச் சேர்த்தது. பற்றவைத்த இடங்களைத் தங்கம் வைத்து உறுதிப்படுத்தியிருப்பார்கள். அதைச் சுருக்கி ஒரு பலூனின் மேல் இறுக்கி ஒட்டவைத்துக் கொண்டுபோவார்கள். பலூன் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள் பலூன் வெளி பலூனில் பாதி அகலம். முதலில் உள் பலூனை ஊதி ஸ்டென்டைப் பாதி விரித்து, இடம் சரியா என்று மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் வெளி பலூன். ஊதுவது காற்றால் அல்ல, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்து கலந்த நீரால். இன்னொரு சிக்கல், இதயம் அடிக்கிற வேகத்தில் விரிந்த பலூன் கீழே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். அதனால் சில நொடிகளுக்கு இதயத்தை மின் தூண்டலால் மிக வேகமாகத் துடிக்க வைத்து, அது தள்ளும் ரத்தத்தைக் குறைப்பதுண்டு. அந்தச் சில நொடிக்குள் பலூனை விரித்துச் சுருக்கிவிடுவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். செய்கிறவர்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு செய்வது அது.

முடிந்த பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். பலூன் விரியும்போது நடுவில் உடுக்கை இடை மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறது. அடுத்த படத்தில் அது ஆழம் குறைகிறது. அதற்கடுத்த படத்தில் பள்ளமே இல்லை, உலக்கை மாதிரி நேராக இருக்கிறது. 4 மில்லிமீட்டர் இருந்த இடம் 14 ஆகியிருந்தது. மேலும் கீழும் அளந்தபோது வித்தியாசம் 42 போய் 4. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஏன் எல்லாருக்கும் இது இல்லை

பலூன் குழாயை விரிப்பது எப்படி என்று தெரிந்தால் இதன் வரம்பும் தெரியும். பலூன் சுவரை வெறுமனே தள்ளுவதில்லை. உள் அடுக்கை மெல்லக் கிழித்துத்தான் இடம் உண்டாக்குகிறது. அந்தக் கிழிசல் கட்டுக்குள் இருந்தால் ஆறிவிடும். அளவு மீறினால் சுவர் பலவீனப்பட்டுப் பின்னாளில் உப்பலாம், அரிதாக அங்கேயே கிழியலாம். அதனால் பலூனின் அகலத்தை மிகக் கணக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள நல்ல பெருந்தமனியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஸ்டென்ட் வைத்தால் சுவருக்கு உள்ளிருந்து முட்டு கிடைக்கிறது, மறுபடி சுருங்குவதும் குறைகிறது. சந்தே தெரியாத அளவு இறுக்கம், சுவர் ஏற்கெனவே உப்பியிருப்பது, வயது கூடியவர் என்றால் மேலே மெல்லிய படலம் போர்த்திய ஸ்டென்ட் வைப்பார்கள். உள்ளே கிழிந்தாலும் படலம் தாங்கிக்கொள்ளும்.

கைக்குழந்தைக்குப் பலூன் மட்டும் ஊதினால் சுருங்கும் திசு பெரும்பாலும் மறுபடி இழுத்துக்கொள்ளும். ஸ்டென்ட் வைக்கலாம் என்றால் கம்பி பிள்ளையோடு வளராது, தொடையின் சின்ன ரத்தக் குழாயும் பெரிய வாசலைத் தாங்காது. ஆகவே அவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் பொதுவான வழி. அறுத்துத் தைத்த பிறகு அதே இடம் மறுபடி இறுகினால், அப்போது பலூன் மிக நன்றாக வேலை செய்யும். 20 முதல் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஸ்டென்ட் முதல் தேர்வாகிவிட்டது. பிறகு பெரியவர் அளவுக்கு விரியக்கூடிய வகையாகப் பார்த்து வைத்தால், பிள்ளை வளர்ந்ததும் அதே ஸ்டென்டை இன்னொரு பலூனால் கொஞ்சம் விரித்துவிடலாம். "மறுபடி செய்ய வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்னால் முதல் முறை தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முன்கூட்டியே போட்ட திட்டம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொடைக் குழாயில் ரத்தக் கட்டு அல்லது அடைப்பு வரலாம். ஸ்டென்ட் நகரலாம். அரிதாகப் பக்கவாதமோ கிழிசலோ வரலாம். கையெழுத்து வாங்கும்போது டாக்டர் இவற்றையெல்லாம் சொல்வார். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள், தமிழில் சொல்ல ஆள் கூப்பிடச் சொல்லுங்கள். வெட்டித் தைத்தால் விலாவுக்கு இடையில் நீளமான காயம், ஒரு வாரம்போல் படுக்கை. இதில் ஒரு சின்னத் துளை, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். தாதி அடிக்கடி வந்து பாதத்தைத் தொட்டு நாடி பார்ப்பார். அந்தப் பையனின் பாதத்தை நானும் தொட்டேன். சூடாக இருந்தது. தொடுகிற இடமெல்லாம் நாடி துள்ளியது.

சில மாதங்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம், பெரும்பாலும் ஆறு மாதம். டாக்டர் சொல்லும் வரை பாரம் தூக்குவதும் முட்டி மோதுகிற ஆட்டமும் கூடாது. பல் பிடுங்குவது போன்ற வேலைக்கு முன்னால் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் கிருமி தொற்றாமல் இருக்க மருந்து தேவைப்படலாம்.

எங்கள் ஊரில் பலர் தவறவிடுவது இதற்குப் பின் வருவதைத்தான். குழாய் விரிந்ததும் பிரஷர் மறுநாளே இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். சிலருக்கு இறங்கும். சிலருக்குச் சில மாதம் மாத்திரை வேண்டும். வயது கூடக்கூடச் சிகிச்சை செய்தால் பிரஷர் தங்கிவிடும் வாய்ப்பும் கூடும், ஏனென்றால் மேல் பாதியின் குழாய்கள் பல வருஷம் அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கி விறைத்துப் போயிருக்கும். நசுங்கலைச் சரிசெய்தாலும் மேட்டு லயத்துப் பழைய மூட்டுகள் புதிதாகிவிடாது. இந்த இறுக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். அதையும் காலம் முழுக்கக் கவனிக்க வேண்டும். பெரியவர்களில் பத்தில் ஒருவர்போல், மூளையின் ரத்தக் குழாயில் உப்பல் இருக்கலாம். பெண் பிள்ளை என்றால், கல்யாணமாகிக் குழந்தை பெறத் திட்டமிடும் முன்பே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும். குட்டையாக இருந்து பருவமடையத் தாமதமாகிற பெண் பிள்ளைக்கு இந்த இறுக்கம் இருந்தால், டர்னர் என்ற குரோமோசோம் குறைபாட்டுக்கும் சோதிப்பார்கள்.

அப்பாயின்ட்மென்ட் அட்டையைத் தொலைக்காதீர்கள். தோட்டம் மாறினாலும், பினாங்குக்கோ ஜொகூருக்கோ வேலைக்குப் போனாலும், பழைய சி.டி. அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும்போதுதான் பலர் காணாமல் போகிறார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம்.

பிரஷர் பார்க்கும்போது வலது கையில் பாருங்கள். சிலருக்கு இடது கையின் கிளை இறுக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும், அங்கே எண் பொய்யாகக் குறைவாக வரும். காலுக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டையைக் காலில் சுற்றினால் எண் பொய்யாகக் கூடிவிடும். நாற்பது வயதுக்குள் பிரஷர் என்று யாருக்குச் சொன்னாலும், பிள்ளையானாலும் பெரியவரானாலும், ஒரு தடவை காலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் மலாயில் கேட்கலாம்: "டாக்டர், தொலோங் செக் பி.பி. டி காக்கி ஜூகா." ஐந்து நிமிஷ வேலை. கூட்டமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொன்னால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காத்திருங்கள்.